கைதிக்குப் பின்னால் குடும்பமும் கப்பலேறியதா? அயர்லாந்து நாடுகடத்தல் ஆவணங்களில் தேடும் முறை

கைதிகளை ஏற்றிக்கொண்டு அயர்லாந்திலிருந்து நேராக ஆஸ்திரேலியா சென்ற முதல் கப்பல் 'குயீன்'. 1791 ஏப்ரலில் கார்க் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 26 அன்று சிட்னி சேர்ந்தது. அதிலிருந்து 1853 வரை ஏறத்தாழ 40,000 பேர் அந்தத் தீவிலிருந்து நாடுகடத்தப்பட்டார்கள். ஆடு திருடியவர், நிலவாடகைச் சண்டையில் துப்பாக்கி தூக்கியவர், பஞ்ச காலத்தில் ரொட்டி திருடியவர் என்று எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள். பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுப் போனவர்கள்.

மருமகளோ மருமகனோ அயர்லாந்து வழிவந்த ஆஸ்திரேலியராக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று சிட்னியிலும் மெல்பர்னிலும் உண்டு. பேரப்பிள்ளைகளுக்காக வம்சாவளி எழுத உட்கார்ந்தால், ஒரு கைதியின் பெயரில் வந்து நிற்கும். பெயர் கிடைத்ததுமே வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் குடும்பம் வந்து சேர்ந்ததா என்ற கேள்விக்கு அந்தப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பதில் கிடைப்பது அரிது. மனைவி கொடுத்த மனு, பெண் கைதிகள் வந்த கப்பலின் பட்டியல், பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவு ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும் அது இருக்கும். அங்கே போய்ச் சேரும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தொடங்க வேண்டிய இடம் ஆஸ்திரேலியா

அயர்லாந்துப் பதிவேடுகளில் முதலில் கை வைக்காதீர்கள். ஜான் ரயன், பேட்ரிக் மர்ஃபி, மேரி கெல்லி போன்ற பெயர்கள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கும். முதலில் அந்தக் கைதியின் மரணச் சான்றிதழை வாங்குங்கள். நியூ சவுத் வேல்ஸில் 1856 மார்ச் முதலும், விக்டோரியாவில் 1853 ஜூலை முதலும் அரசுப் பதிவு நடக்கிறது. இந்தச் சான்றிதழ்களில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், காலனியில் இருந்த ஆண்டுகள், எங்கே எந்த வயதில் யாரைத் திருமணம் செய்தார், பிள்ளைகளின் பெயர்கள் ஆகியவற்றுக்கெல்லாம் கட்டம் உண்டு. திருமணம் நடந்த இடம் 'அயர்லாந்து' என்றிருந்து, அதே மனைவியின் பெயரில் காலனியிலேயே ஒரு மரணப் பதிவும் இருந்தால், குடும்பம் வந்து சேர்ந்ததற்கு முதல் தடயம் கிடைத்துவிட்டது. டாஸ்மேனியாவில் பதிவு 1838 கடைசியிலேயே தொடங்கிவிட்டாலும் அங்கே பெற்றோர் பெயரெல்லாம் எழுத மாட்டார்கள். ஆனால் தங்கம் கிடைத்த 1851க்குப் பிறகு டாஸ்மேனியாவில் விடுதலையான பலர் விக்டோரியாவுக்குக் கடல் தாண்டிப் போனார்கள், அதனால் அந்தப் பக்கமும் தேடுங்கள்.

தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்பா கைதியாக வந்ததை மறைக்க விரும்பிய மகன், காலனியில் இருந்த ஆண்டுகளைக் குறைத்தோ கூட்டியோ சொல்லியிருப்பான்.

அடுத்து கப்பலையும் அது வந்து சேர்ந்த ஆண்டையும் பிடிக்க வேண்டும். பெயரும் வயதும் உங்களை ஏமாற்றும், கப்பலும் ஆண்டும் ஏமாற்றுவது குறைவு. வயதை எழுத்தர்கள் 20, 25, 30 என்று முழுதாக்கிவிடுவார்கள். ஓகானர் கானராகவும், மெக்கார்த்தி கார்ட்டியாகவும் மாறியிருக்கும். ஹனோரா என்பவர் நோராவாகவும், பிரிட்ஜெட் பிட்டியாகவும் இருப்பார். கப்பல் பெயரை மட்டும் குறித்துக்கொள்வதும் போதாது. 'ஏசியா', 'மேங்கில்ஸ்' போன்ற கப்பல்கள் பல முறை கைதிகளைக் கொண்டுவந்தவை, அதனால் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அயர்லாந்துப் பதிவில் புறப்பட்ட ஆண்டு இருக்கும், ஆஸ்திரேலியப் பதிவில் வந்து சேர்ந்த ஆண்டு இருக்கும். பயணம் நான்கு மாதம் முன்பின் ஆகும் என்பதால் இரண்டும் வேறுபடுவது சகஜம்.

நியூ சவுத் வேல்ஸில் 1828 குடிக்கணக்கு பெரிய உதவி. ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே கப்பல், ஆண்டு, நிலை மூன்றும் இருக்கும். 'ஜி.எஸ்.' என்றால் இன்னும் தண்டனையில் இருக்கும் அரசு ஊழியக் கைதி, 'டி.எல்.' என்றால் டிக்கெட் ஆஃப் லீவ் (தண்டனைக் காலத்திலேயே சொந்தமாக வேலை செய்யும் அனுமதி) பெற்றவர், 'எஃப்.எஸ்.' தண்டனை முடித்தவர், 'சி.பி.' நிபந்தனை மன்னிப்பு பெற்றவர், 'பி.சி.' காலனியில் பிறந்தவர், 'சி.எஃப்.' கைதியாக இல்லாமல் வந்தவர். கைதி ஒருவரின் வீட்டில் அதே குடும்பப்பெயரோடு ஒரு பெண்ணும் பிள்ளைகளும் 'சி.எஃப்.' என்று இருந்து, அவர்களின் கப்பலும் ஆண்டும் வேறாக இருந்தால், நீங்கள் தேடியது அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

எந்தக் காலனியில் தேடுவது என்பதைக் காலம் சொல்லிவிடும். 1840 வரை அயர்லாந்துக் கைதிகள் பெரும்பாலும் நியூ சவுத் வேல்ஸுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு 1853 வரை டாஸ்மேனியா, அதாவது அன்றைய வான் டீமன்ஸ் லேண்ட். 1853இல் 'ராபர்ட் ஸ்மால்', 'ஃபீபி டன்பார்' என்ற இரு கப்பல்கள் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போயின. 1868 ஜனவரியில் ஃப்ரிமாண்டில் வந்த 'ஹோகுமாண்ட்' இங்கிலாந்திலிருந்து வந்தாலும் அதில் 62 ஃபீனியன் (அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிய இயக்கத்தினர்) கைதிகள் இருந்தார்கள். லங்காஷயர் போன்ற இடங்களில் பிழைக்கப் போய் அங்கே தண்டனை பெற்ற அயர்லாந்துக்காரர்கள் இங்கிலாந்துக் கப்பல்களில்தான் போனார்கள், அவர்களுடைய வழக்கு டப்ளின் பதிவுகளில் வராது. பட்டாளத்தில் இருந்தவரானால் இன்னொரு வாசலும் உண்டு: மதராஸ் உள்ளிட்ட இந்திய முகாம்களில் ராணுவ நீதிமன்றம் தண்டித்த ஐரோப்பியச் சிப்பாய்களும் சிட்னிக்கு அனுப்பப்பட்டார்கள். அயர்லாந்தில் பிறந்தவரின் கப்பல் இந்தியாவிலிருந்து வந்ததாக இருந்தால் அதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள்.

கப்பல் பட்டியலைப் படிப்பது

கைதிகளின் கப்பல் பட்டியலுக்கு 'இண்டெண்ட்' என்று பெயர். 1820களின் கடைசியிலிருந்து இது விரிவாகிறது, 1830களில் அச்சிலேயே வருகிறது. பெயர், வயது, படிப்பு, மதம், திருமண நிலை, ஆண் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை, சொந்த மாவட்டம், தொழில், குற்றம், விசாரணை நடந்த இடமும் தேதியும், தண்டனை, உயரம், நிறம், முடி, கண், உடல் அடையாளங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசிக் குறிப்புக் கட்டத்தைப் பெரும்பாலோர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 'அண்ணன் மூன்று ஆண்டுக்கு முன் வந்தான்', 'இதே கப்பலில் உறவினர் இருக்கிறார்' போன்ற தகவல்கள் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். ஊரைப் பொறுத்தவரை, நியூ சவுத் வேல்ஸ் இண்டெண்டில் பெரும்பாலும் மாவட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

டாஸ்மேனியாப் பதிவுகள் இதைவிட வளமானவை. அரசு நூலகத்தின் இணையத்தில் இலவசமாகவே மூலப்பக்கத்தைப் பார்க்கலாம். 1840க்குப் பிறகு வந்த ஆண்களின் நடத்தைப் பதிவேடு 'கான் 33' என்ற வரிசை, 1844 முதல் வந்த பெண்களுக்கு 'கான் 41'. சொந்த ஊரும் குடும்பமும் எழுதிய இண்டெண்ட் ஆண்களுக்கு 'கான் 14', பெண்களுக்கு 'கான் 15'. இந்தக் கடைசி இரண்டையும் தவறவிடாதீர்கள். அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதி, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் குறித்திருப்பார்கள். ஏதாவது ஒரு பேட்ரிக்கை நம்முடைய பேட்ரிக் என்று நிறுவ வேண்டுமானால், உடன்பிறந்தோரின் இந்தப் பெயர்க் கொத்தைவிட உறுதியான சான்று வேறில்லை.

அயர்லாந்தில் மிஞ்சியவை

1922 ஜூன் 30 அன்று டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் நடந்த வெடிப்பில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையான குடிக்கணக்குகளில் பெரும்பகுதியும், 1836க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகளும் அதில் போயின. பிரிட்டிஷ் நிர்வாகம் இயங்கிய டப்ளின் கோட்டையில் தனியாக வைத்திருந்த அரசுக் காகிதங்கள் தப்பின. அவற்றிலிருந்து மைக்ரோஃபிலிம் எடுத்து, 1988இல் ஆஸ்திரேலியாவின் 200ஆம் ஆண்டு நிறைவுக்கு அயர்லாந்து அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. அதன் அட்டவணையை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடலாம்.

தேடும்போது எந்த வகைப் பதிவு என்று பார்க்க வேண்டும். 1836 முதல் 1857 வரை நாடுகடத்தல் பதிவேடு இருக்கிறது, அதில் தண்டனை பெற்றவர்கள் வரிசையாக வருவார்கள். 1788 முதல் 1836 வரை கைதிகளின் மனுக்கள் மட்டுமே உண்டு. அதாவது 1836க்கு முன்னால், கைதியோ அவருக்காக வேறு யாரோ மனு கொடுத்திருந்தால்தான் பெயர் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஆள் அயர்லாந்திலிருந்து போகவில்லை என்று அர்த்தமாகாது, யாரும் மனு எழுதவில்லை என்றுதான் அர்த்தம். 1836 முதல் 1856 வரை மனுக்கள் 'கன்விக்ட் ரெஃபரன்ஸ் ஃபைல்' என்ற கோப்புகளில் உள்ளன. நமக்கு மிக முக்கியமானது 'ஃப்ரீ செட்லர்ஸ் பேப்பர்ஸ்' என்ற தொகுப்பு, 1828 முதல் 1852 வரை. குடும்பத்தை வரவழைக்க அனுமதி கேட்ட கைதிகளின் பட்டியலும், ஊரிலிருந்த மனைவியரின் மனுக்களும் இதில்தான் இருக்கின்றன.

இந்த அட்டவணையில் கணவன் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு நிறுத்த வேண்டாம். மனைவியின் பெயரிலும், அவர் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரிலும் தேடுங்கள். அயர்லாந்தின் கத்தோலிக்கக் கிராமங்களில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயராலேயே அறியப்படுவது வழக்கமாக இருந்தது.

குடும்பத்தை வரவழைத்த முறை

ஆண் கைதி தண்டனையில் குறைந்தது நான்கு ஆண்டு கழித்திருக்க வேண்டும். நடத்தை சுத்தமாக இருக்க வேண்டும். குடும்பம் வந்தால் அரசுக்குப் பாரமாகாமல் அவரே காப்பாற்றுவார் என்று வேலை கொடுத்த முதலாளியோ, மாஜிஸ்திரேட்டோ, பாதிரியாரோ எழுதித் தர வேண்டும். ஏழாண்டுத் தண்டனைக்காரருக்கு நான்காம் ஆண்டிலும், பதினான்கு ஆண்டுக்காரருக்கு ஆறாம் ஆண்டிலும், ஆயுள் தண்டனைக்காரருக்கு எட்டாம் ஆண்டிலும் டிக்கெட் ஆஃப் லீவ் கிடைக்கும் என்பது பொதுவிதி. அது கையில் இருந்தால் குறிப்பிட்ட மாவட்டத்துக்குள் சொந்தமாகச் சம்பாதிக்கலாம். ஆகவே டிக்கெட் வழங்கப்பட்ட தேதியைக் கண்டுபிடித்தால், குடும்பத்துக்கான விண்ணப்பத்தை அதையொட்டிய ஆண்டுகளில் தேடலாம்.

விண்ணப்பத்தில் கைதியின் கப்பல், விசாரணை விவரம், மனைவியின் பெயர், பிள்ளைகளின் பெயரும் வயதும், அவர்கள் வசிக்கும் இடம் ஆகியவை இருக்கும். கூடவே, அந்த வட்டாரத்தில் மனைவியை அறிந்த ஒரு பெரிய மனிதரின் பெயரையும் கேட்பார்கள். பெரும்பாலும் அது பங்குப் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட திருச்சபை வட்டாரம்) பாதிரியாராகவோ நிலக்கிழாராகவோ இருக்கும். இண்டெண்டில் மாவட்டத்தோடு நின்றுபோன ஊர் விவரம் இந்த ஒரு வரியால் பங்கு வரைக்கும் இறங்கிவிடும். நியூ சவுத் வேல்ஸ் அரசு ஆவணக் காப்பகத்தில் காலனிச் செயலாளர் பிரிவில் இந்த விண்ணப்பங்களைத் தேடுங்கள்.

கவர்னர் ஒப்புக்கொண்டால் பட்டியல் லண்டனுக்குப் போகும், அங்கிருந்து டப்ளின் கோட்டைக்கு, அங்கிருந்து உள்ளூர் மாஜிஸ்திரேட்டுக்கோ பாதிரியாருக்கோ. கடிதம் கடலைத் தாண்டவே நான்கு மாதத்துக்கு மேல் ஆகும் காலம் அது. விண்ணப்பம் எழுதிய நாளிலிருந்து குடும்பம் சிட்னியில் இறங்கும் நாள் வரை இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும் என்று வைத்துக்கொண்டு தேடினால் சரியாக இருக்கும்.

இதற்கிடையில் மனைவியும் சும்மா இருக்க மாட்டார். அயர்லாந்தின் வைஸ்ராய்க்கு அவரே மனு போடுவார். அந்த மனுக்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கூலிக்கு எழுதும் எழுத்தர் ஒருவர் 'தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது' என்ற பாணியில் நீட்டி எழுதியிருப்பார். அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி, இருபுறமும் 'அவள்', 'குறி' என்ற சொற்கள். அதற்கும் கீழே பாதிரியாரும் மாஜிஸ்திரேட்டும் சான்று சொல்லிப் போட்ட கையெழுத்துகள். காகிதத்தை மடித்த பின்புறத்தில் கோட்டை எழுத்தர் எழுதிய தேதியும் முடிவும் ஒன்றிரண்டு வரியில் இருக்கும். முதலில் பின்புறத்தைப் படியுங்கள், அனுமதியா மறுப்பா என்பது அங்கே தெரிந்துவிடும். நகல் கேட்கும்போது இரு பக்கமும், இணைப்புகளும் வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கேளுங்கள். கணவன் அனுப்பிய கடிதத்தையே சில பெண்கள் சான்றாக மனுவோடு இணைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடைத்தால், அந்த மனிதன் தன் வீட்டுக்கு எழுதியதில் மிஞ்சியது அது ஒன்றாகவே இருக்கலாம்.

அனுமதி கிடைத்தும் வராமல்போன குடும்பங்கள் ஏராளம். கப்பல் கட்டணம் அரசுடையது, ஆனால் துறைமுகம் வரை சொந்தச் செலவில் வர வேண்டும். மேயோ மாவட்டத்துக் காசல்பாரிலிருந்து கார்க் 250 கிலோமீட்டருக்கு மேல். கைக்குழந்தையோடு, கையில் காசில்லாமல், குறித்த நாளுக்குள் அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும். கடிதம் வருவதற்குள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டு முகவரி மாறியிருக்கலாம். பிள்ளைகளில் வளர்ந்த ஒரு மகனின் பெயர் பட்டியலில் விடுபட்டுப்போகலாம், அவனை விட்டுவிட்டுக் கிளம்புவதா என்று தாய் நின்றுவிடலாம். கப்பல் போன பிறகு துறைமுகம் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. இத்தகைய குடும்பங்களுக்கு மனு ஒன்றுக்கு இரண்டாக இருக்கும், இரண்டாம் ஆண்டு மனுவையும் தேடுங்கள்.

வந்தவர்கள் பெரும்பாலும் பெண் கைதிகளின் கப்பலில்தான் ஏற்றப்பட்டார்கள். அந்தக் கப்பலின் இண்டெண்டில் இவர்கள் பெயர் கைதிகளோடு வராது, 'சுதந்திரமான பெண்களும் குழந்தைகளும்' என்று தனியாகவோ கடைசியிலோ இருக்கும். கப்பல் மருத்துவரின் நாட்குறிப்பு லண்டன் கியூவிலுள்ள தேசியக் காப்பகத்தில் 'அட்மிரால்டி 101' வரிசையில் இருக்கிறது. வழியில் இறந்த குழந்தையைப் பற்றிய ஒரே குறிப்பு அங்கே இருக்கக்கூடும்.

பிரபலமானவர்களின் கதையை அளவுகோலாக வைக்காதீர்கள். 1798 கிளர்ச்சியின் தளபதி ஜோசப் ஹோல்ட் 1800 ஜனவரியில் 'மினர்வா'வில் வந்தபோது மனைவியும் மகனும் கூடவே வந்தார்கள். நாடுகடத்தப்பட்ட அயர்லாந்து விடுதலைப் போராளி ஜான் மிட்செலின் மனைவி ஜென்னி பிள்ளைகளோடு 1851இல் டாஸ்மேனியா போய்ச் சேர்ந்து போத்வெல்லில் குடித்தனம் நடத்தினார். வசதியும் செல்வாக்கும் இருந்ததால் அது நடந்தது.

திரும்பிப் போய்ச் சேர்ந்திருப்பாரோ என்று யோசித்தால் மன்னிப்பின் வகையைப் பாருங்கள். நிபந்தனை மன்னிப்பு பெற்றவர் சொந்த நாட்டுக்குத் திரும்பக் கூடாது. முழு மன்னிப்பு பெற்றவரும் தண்டனைக் காலம் முடிந்தவரும் போகலாம், ஆனால் கட்டணம் அவர்களுடையது. திரும்பியவர்கள் மிகக் குறைவு.

பெண் கைதிகள்

மேலே சொன்ன ஏற்பாடு ஆண்களுக்கானது. நாடுகடத்தப்பட்ட மனைவி, ஊரிலிருக்கும் கணவனை அரசுச் செலவில் வரவழைக்க அப்படி ஒரு வழக்கமான பாதை இல்லை. சின்னக் குழந்தைகளைத் தாயோடு கப்பலேற்ற அனுமதித்தார்கள். இறங்கியதும் பிரித்துவிடுவது வழக்கம்: தாய் பாரமட்டாவிலோ ஹோபார்ட் கேஸ்கேட்ஸிலோ இருந்த பெண்கள் தொழிற்சிறைக்கோ வீட்டு வேலைக்கோ போவார், குழந்தை அநாதைப் பள்ளிக்குப் போகும். ஹோபார்ட்டில் நியூ டவுன் அநாதைப் பள்ளியின் பதிவேட்டில் தாயின் பெயரும் கப்பலும் இருக்கும், குழந்தையை யார் எப்போது திரும்ப அழைத்துப் போனார்கள் என்றும் இருக்கும். அந்த வெளியேறிய தேதி தாயின் விடுதலையோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் இருவரும் சேர்ந்தார்களா என்பது தெரிந்துவிடும். பஞ்ச ஆண்டுகளில் கணவன் போன இடத்துக்கே போய்விடலாம் என்று வேண்டுமென்றே தீ வைத்துத் தண்டனை வாங்கிய பெண்களும் இருந்தார்கள். ஆகவே மனைவியின் பெயரை நாடுகடத்தல் பதிவேட்டிலும் ஒருமுறை தேடுங்கள்.

மறுமண விண்ணப்பம்

தண்டனையில் இருப்பவர் திருமணம் செய்ய கவர்னரின் அனுமதி வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 1826 முதல் 1851 வரையான விண்ணப்பப் பதிவேடு இருக்கிறது, டாஸ்மேனியாவில் 'கான் 52'. எழுத்தர் உடனே இண்டெண்டை எடுத்துப் பார்ப்பார். வந்தபோது 'திருமணமானவர்' என்று எழுதியிருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. அதற்காகவே, மனைவி இறந்துவிட்டதாக ஊரிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டுவார்கள். சில கடிதங்கள் உண்மை, சில காலனியிலேயே எழுதியவை. அதனால் இந்தக் கடிதத்தை மட்டும் நம்பி மனைவியின் மரணத் தேதியை வம்சாவளியில் எழுதாதீர்கள். மறுப்புக்கான காரணமோ நமக்கு மிகப் பயன்படும், ஊரில் ஒரு மனைவி இருந்ததை அது உறுதிப்படுத்துகிறது.

இரு பக்கத்தையும் பொருத்திப் பார்ப்பது

கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இலவசமாக இணையத்தில் போட்டது. பங்கு தெரிந்ததும், அந்தத் தம்பதியின் பிள்ளைகளின் ஞானஸ்நானத் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். விசாரணைத் தேதிக்குப் பிறகு ஓராண்டுக்குள் அது நின்றுவிட வேண்டும். ஐந்தாறு ஆண்டுக்குப் பிறகும் அதே பங்கில் அதே பெற்றோருக்குக் குழந்தை பிறந்திருந்தால், நீங்கள் பிடித்தது வேறு தம்பதி. மாறாக, 1826இல் அயர்லாந்தின் டிப்பரரியில் கடைசிக் குழந்தை, அடுத்தது 1835இல் நியூ சவுத் வேல்ஸின் கோல்பர்னில், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதுவே என்றால் குடும்பம் சேர்ந்துவிட்டது. அந்த ஒன்பதாண்டு இடைவெளிக்குள் வந்த பெண் கைதிக் கப்பல்களைத்தான் தேட வேண்டும்.

மனைவி ஊரிலேயே தங்கிவிட்டாரா என்று பார்க்க, 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நிலமதிப்பீட்டில் அந்தச் சிற்றூரைத் திறந்து, பெண் பெயரில் இருக்கும் வீடுகளைப் பாருங்கள். 1823 முதல் 1837 வரையான திருச்சபை வரிப் பதிவில் அதே இடத்தில் கணவன் பெயர் இருந்தால் இன்னும் உறுதி. நிலமே இல்லாத கூலிக் குடும்பங்கள் இரண்டிலும் இருக்க மாட்டார்கள், அவர்களுக்கு ஏழைகள் விடுதியின் பதிவேடு மிஞ்சியிருந்தால் அதுதான் வழி.

1853க்குப் பிறகு இன்னொரு பாதையும் திறந்தது. நியூ சவுத் வேல்ஸில் பணம் கட்டி உறவினரை வரவழைக்கலாம், கட்டியவர் பெயரும் வரவேண்டியவர்களின் பெயர்களும் 'இமிக்ரேஷன் டெபாசிட் ஜர்னல்' என்ற பதிவேடுகளில் 1900 வரை உள்ளன. மனைவியை வரவழைக்க முடியாமல்போன பழைய கைதி, இருபது ஆண்டு கழித்து வளர்ந்த மகளுக்கோ தங்கை மகனுக்கோ பணம் கட்டியிருப்பதை அங்கே காணலாம். கைதியின் பெயரில் மட்டும் தேடாமல், காலனியில் பிறந்த அவருடைய பிள்ளைகளின் பெயரிலும் தேடுங்கள். வரவேண்டியவரின் ஊரும் அங்கே எழுதப்பட்டிருந்தால், அதை விண்ணப்பத்தில் கண்ட பங்கோடு ஒப்பிட்ட பிறகே ஒரே குடும்பம் என்று எழுதுங்கள்.